பெட்ரோல் மூடிக்குக் கீழே

ஏப்ரல் 8, திங்கள்

சி பிளாக்கில் குப்பை பிரிக்கும் இடத்தில் இந்த டைரி கிடந்தது. ஏதோ பேங்க் கொடுத்தது. முதல் பக்கத்தில் யாரோ பிள்ளையார் சுழி போட்டுவிட்டு அதோடு நிறுத்தியிருக்கிறார்கள். போன வருஷத்து டைரி, கிழமை எல்லாம் தப்பு. அச்சடித்திருப்பதை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதிக்கொள்கிறேன்.

என் பெயர் மோனிஷா. வயது பதினாறு. பத்தாவதில் பாதியில் நின்றுவிட்டேன். எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. பேச வேண்டிய நேரத்தில் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். எல்லாரும் போன பிறகு முழுசாக வரும். அதை எங்கேயாவது வைக்க வேண்டும், அதற்குத்தான் இது.

இந்த அபார்ட்மெண்டில் அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் பிப்ரவரியிலிருந்து கார் கழுவுகிறேன். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஐந்தேகால் பஸ்ஸில் வந்துவிடுவோம். எனக்கு ஏழு கார். ஆறு சாதாரணக் கார். ஏழாவது, பி-304 ஸ்ரீவத்சன் சாரின் கறுப்புக் கார். அது பி பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் நடுவில், கூரை இல்லாத இடத்தில் நிற்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஏழு ஐந்துக்கு இரண்டு பிளாக்குக்கும் நடுவில் வெயில் வந்தது. பார்த்தேன். இருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

அந்தக் கார் முதலில், என்னை மாதிரியே இங்கே கார் கழுவும் பேபியக்காவுடையது. என்னுடைய இரண்டு காரைக் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை வாங்கிக்கொண்டேன். "ரெண்டு குடுத்துட்டு ஒண்ணு வாங்கறியே, லூசாடி நீ?" என்றாள் பேபியக்கா. நான் சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு தோன்றிய பதிலை இங்கே எழுதுகிறேன். அந்தக் காருக்குக் கோட்டிங் போட்டது என் கூடப்பிறந்த டில்லி அண்ணன்.

டில்லிபாபு என்பது முழுப்பெயர். வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் வேலை. கார் பெயிண்ட் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசுவார்கள். சின்னக் குப்பியில் இருக்கும் மருந்தை ஒரு சின்னப் பஞ்சுக் கட்டையில் விட்டு, ஒரு முழம் ஒரு முழமாகத் தேய்க்க வேண்டும். ஒரு நிமிஷம் போல ஆனதும் அது வானவில் மாதிரி வியர்க்கும். அந்த நேரம் பார்த்துத் துணியால் துடைத்துவிட வேண்டும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. நேரம் தவறினால் அந்த இடத்தில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு திட்டு அப்படியே இறுகிப்போகும். பிறகு மெஷின் வைத்துத் தேய்த்தால்தான் போகும்.

கறுப்புக் காரில் அப்படி ஒரு திட்டு இருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே, பெட்ரோல் மூடிக்குக் கீழே. என் கை அகலம். காலை வெயில் சாய்வாக விழும் கொஞ்ச நேரம்தான் தெரியும். சாருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அண்ணனும் நானும்தான்.

ஏப்ரல் 15, திங்கள்

அண்ணன் சொன்ன விதிகள், மறக்காமல் இருக்க:

நிழலில் கழுவு. இல்லையென்றால் வெயிலுக்கு முன்னால் முடி. ஒரே வாளியில் துணியை முக்காதே. மேலிருந்து கீழே வா. தண்ணீரைக் காரில் காய விடாதே.

கடைசியை அவன் மூன்று தரம் சொல்வான். "கோட்டிங் போட்ட வண்டில தண்ணி ஒட்டாது பாப்பா. முத்து முத்தா நிக்கும். பாக்கறதுக்கு சூப்பரா இருக்கும். ஆனா நம்மூரு போர்த் தண்ணி உப்பு. அந்த முத்து காஞ்சிச்சின்னா உப்பு மட்டும் வட்டமா ஒக்காந்துக்கும்." அப்போது நான் சோறு தின்றுகொண்டு கேட்டேன். எனக்கு அது உதவும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஏப்ரல் 17, புதன்

பதினேழாம் தேதி. அம்மா வேலைக்கு வரவில்லை. நான் மட்டும் வந்தேன். ஏழு கார்.

ஏப்ரல் 22, திங்கள்

கறுப்புக் காரை நனைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 23, செவ்வாய்

நேற்று எழுதியது போதாது. கார் முழுக்க வெள்ளை வட்டம். பானெட்டில், டாப்பில், கதவில், டிக்கியில். ஒவ்வொன்றும் ஒரு மிளகு அளவு. நடுவில் கறுப்பாக, ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. நகத்தால் தொட்டால் சொரசொரப்பு. ஈரத் துணியால் துடைத்தால் மறைகிறது. அப்பாடா என்று திரும்பினால், காய்ந்ததும் அதே இடத்தில் அதே வட்டம்.

திட்டின் மேலேயும் மூன்று வட்டம் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

சார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு அம்மா கையில் சபீனாப் பொடியோடு ஓடி வந்தாள். "சின்னப் பொண்ணு சார், கோச்சுக்காதீங்க சார், தேச்சுக் குடுத்துடுவா சார்" என்றாள்.

"தேய்க்காதீங்கம்மா. தேய்ச்சா கீறல் விழும்" என்றார். கோபக்காரர் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாட்ச்மேன் தாவீது அண்ணனைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை தண்ணி லாரியை இங்கதானே நிறுத்தினீங்க? அந்த பைப்பு ஒழுகறது எனக்குத் தெரியும். வண்டி மேல அடிச்சிருக்கு. ஒரு ஓரமா நிறுத்தச் சொல்லக்கூடத் தெரியாதா உங்களுக்கு?"

தாவீது அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். "இனிமே பாத்துக்கிடுதேன் சார்" என்றார்.

அது லாரித் தண்ணீர் இல்லை, என் வாளித் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

சார் போனில் யாரிடமோ பேசினார். நாளைக்கு அவர் பெங்களூர் போகிறார். மே ஐந்தாம் தேதி வருவார். வந்ததும் காரைக் கடைக்கு விட்டு, பழைய பூச்சு முழுவதையும் மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசாகப் போடப் போகிறார்.

முழுவதையும்.

ஏப்ரல் 25, வியாழன்

அந்தத் திட்டு எப்படி வந்தது என்று எழுதிவிடுகிறேன். அது போய்விட்டால் எழுதியதாவது இருக்கும்.

போன நவம்பர். ஆற்றோரத்து வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகு சேர்ந்த பள்ளிக்கூடம். அன்றைக்கு இங்கிலீஷ் டீச்சர் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். எழுந்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. வாய் வரவில்லை. "படிக்கற வரைக்கும் நில்லு" என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். பின் பெஞ்சில் ஒரு பெண் என் மாதிரியே வாயைத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள், மீன் மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம் சிரித்தார்.

மத்தியானம் ஆயாம்மாவிடம் சைகையில் போன் கேட்டு வாங்கி அண்ணன் நம்பரைப் போட்டேன். அவனுக்கு அது தெரியாத நம்பர். "அலோ, யாரு?" என்றான். நான் பேசவில்லை. இன்னொரு தரம் அலோ சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாப்பாதானே?" என்றான்.

போனில் யாரும் பேசாமல் இருந்தால் அது நான் என்று அவனுக்குத் தெரியும்.

"அழுவறியா? சரி, அழுவு. ஒண்ணும் சொல்ல வேணாம். லைன்லயே இரு. நான் இங்கதான் இருக்கேன்."

நான் இருந்தேன். அவனும் இருந்தான். அந்தப் பக்கம் ஒரு மெஷின் ஓடியது, நின்றது. யாரோ டீ வந்துவிட்டது என்றார்கள். அவன் மூச்சு கேட்டது. நடுவில் ஒரு தரம், "இருக்கியா?" என்றான். நான் போனை நகத்தால் ஒரு தட்டு தட்டினேன். "ஆங்" என்றான். மணி அடித்ததும் வைத்தேன். ஆயாம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலு நிமிசம் ஆயிருக்கு, ஒரு வார்த்த பேசலியேடி" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சிரித்தான். "உன்னால ஒரு கார்ல மச்சம் வுழுந்துடுச்சி தெரியுமா? ஒரு கைல போனு, ஒரு கைல துணி. துடைக்கணும்ங்கறதே மறந்துட்டேன். பாத்தா கல்லாயிடுச்சி. பெட்ரோல் மூடிக்குக் கீழ. கறுப்பு வண்டி, சோழிங்கநல்லூர்ல ஒரு சாரு." எந்த அபார்ட்மெண்ட் என்றும் சொன்னான். அம்மா வேலை செய்கிற இடம்தான். "ஒரு ஞாயித்துக்கிழம போயி யாருக்கும் தெரியாம எடுத்துரணும்" என்றான்.

அவன் போன் உடைந்துவிட்டது. அதிலிருந்த எதுவும் இல்லை. அந்த நாலு நிமிஷம் இப்போது அந்தக் காரில் மட்டும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

தாவீது அண்ணன் குழாயடியில் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கூடவே வந்து நின்றாலும் நம்மைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஏ பிள்ள. அன்னைக்கு லாரி உள்ள வரையில நீ வாளிய போட்டுட்டு மாடிப்படிக்கு ஓடினத நான் பாத்தேன்."

நான் குழாயை மூடினேன்.

"எல்லா தரமும் ஓடுத. பிப்ரவரிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒங்கம்மைட்ட கேட்டேன். சொன்னா."

அம்மா சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியும். நான் இங்கே எழுதவில்லை என்றாலும் நடந்தது நடந்ததுதான். ஜனவரி பதினேழு, காணும் பொங்கல். அண்ணன் மட்டும் வேலைக்குப் போனான், ஒரு காரை மறுநாள் கொடுக்க வேண்டும் என்று. பள்ளிக்கரணை சிக்னலில் தண்ணீர் லாரி. அம்மாவும் நானும் போனபோது ரோடு முழுக்க ஈரமாக இருந்தது. லாரித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்ததால் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மேல ஏன் பழி விழுந்துச்சுன்னு வருத்தப்படாத" என்றார் தாவீது அண்ணன். "இந்த வேலைல ஒரு நாளைக்கு ஒருத்தன் ஏசத்தான் செய்வான். இனிமே லாரி கேட்டுக்கு வெளிய நிக்கையிலயே ரெண்டு விசில் அடிக்கேன். நீ கையில இருக்கத முடிச்சுட்டு மெதுவா போ. ஓடாத. விழுந்துருவ."

நன்றி அண்ணா என்று அவர் கேட் வரை போன பிறகு சொன்னேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். வட்டம் எல்லாம் போய்விட்டால் சார் ஏன் மெஷின் வைக்கப் போகிறார்?

அண்ணன் கடையில் உப்புக் கறைக்கு ஏதோ புளித்த மருந்து போடுவார்கள் என்று சொன்ன ஞாபகம். வீட்டில் குழாயில் உப்புப் படிந்தால் அம்மா புளி வைத்துத் தேய்ப்பாள். புளியில் மண் இருக்கும், கீறிவிடும். அம்மா வேலை செய்யும் வீட்டில் நூடுல்ஸுக்கு ஊற்றும் வினிகர் இருக்கிறது. பாதி பாட்டில் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். காருக்கு என்றேன்.

வினிகரில் சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். ஆனால் போர்த் தண்ணீர் கலந்தால் திரும்ப உப்பு. உப்பில்லாத தண்ணீர் வேண்டும். கடையில் போய்ப் பேட்டரித் தண்ணீர் கேன் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பி பிளாக் பின்பக்கம் நடந்தபோது தலையில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். ஏ.சி. தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சின்னப் பைப் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது காற்றிலிருந்து வரும் தண்ணீர், அதில் உப்பு கிடையாது. எட்டாவது அறிவியலில் படித்தது.

ஆறு பைப்புக்குக் கீழே ஆறு பெயிண்ட் டப்பா வைத்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

டப்பாக்கள் நிறைந்திருந்தன. வெயில் காலத்தில் எல்லாரும் ஏ.சி. போட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

முதலில் டிக்கியில் ஓரமாக ஒரு இடம். துணியை நனைத்து வட்டத்தின் மேல் போட்டேன். இருநூறு எண்ணினேன். காய விடாமல் எடுத்து, ஏ.சி. தண்ணீர் ஊற்றி, அழுத்தாமல் துடைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தேன். இல்லை.

இன்னொரு தரம் பார்த்தேன். இல்லவே இல்லை.

மே 1, புதன்

டிக்கி பாதி, இடது கதவு இரண்டும் முடிந்தது. கையெல்லாம் ஊறுகாய் வாசனை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்து நகர்ந்தாள். அம்மா அவளிடம், "வேலை செஞ்ச கை, அப்படித்தான் இருக்கும். வேணும்னா ஜன்னல் ஓரம் போய் ஒக்காருங்க" என்றாள். ஜனவரிக்குப் பிறகு அம்மா ஒருவரிடம் சண்டைக்கு நின்றது இதுதான் முதல் தரம்.

மே 3, வெள்ளி

வலது பக்கமும் முடிந்தது. திட்டின் மேலிருந்த மூன்று வட்டத்தைக் கடைசியாக எடுத்தேன். பயமாக இருந்தது. வட்டம் போனது, திட்டு போகவில்லை. ஏழு ஐந்து வெயிலில் பழையபடி தெரிந்தது. ஓரத்தில் நீலம், உள்ளே கொஞ்சம் ஊதா.

பானெட்டும் டாப்பும்தான் பிரச்சினை. அங்கேதான் வெயில் நேராக அடித்திருக்கிறது. உப்பு போய்விட்டது, ஆனால் வட்டம் இருக்கிறது. தொட்டால் சொரசொரப்பு இல்லை, பள்ளம். பூச்சையே தின்றுவிட்டிருக்கிறது. இரண்டு தரம், மூன்று தரம் செய்தேன். வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், பானெட்டில் மட்டும் முப்பத்தொன்று.

மே 5, ஞாயிறு

சார் வந்துவிட்டார். காரைச் சுற்றி வந்தார். கதவில் விரலை வைத்துப் பார்த்தார். "யாரும்மா இது, நீயா பண்ணின? எப்படிப் போச்சு?"

நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை வைத்திருந்தேன். வினிகர், ஏ.சி. தண்ணீர் என்றேன். அவர் சிரித்துவிட்டார், கேலியாக இல்லை. "பரவாயில்லையே. சரி, பானெட்ல பள்ளமாயிடுச்சு பாரு. வியாழக்கிழமை கடைக்கு விடறேன். மொத்தமா எடுத்துட்டுப் போட்டுடுவாங்க."

அவர் திரும்பி நடந்தார். அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டார். நான் ஓடினேன்.

"சார். லாரித் தண்ணி இல்ல சார். நான் நனைச்சுட்டு விட்டுட்டுப் போயிட்டேன். தாவீது அண்ணா மேல தப்பு இல்ல."

லிஃப்ட் வந்தது, திறந்தது. அவர் ஏறவில்லை.

"சைடு வேணாம் சார். சைடு நல்லாருக்கு. அதை மெஷின் வைக்க வேணாம். மேல மட்டும் போடச் சொல்லுங்க சார்."

"ஏம்மா? மொத்தமா போட்டா ஒரே மாதிரி இருக்குமே."

"நல்லாருக்கு சார்" என்றேன். அதற்கு மேல் இல்லை.

சார் காரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரமாக நான் செய்த வேலையை மெஷின் வைத்து அழிக்கக் கூடாது என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "சரி. பானெட், டாப் மட்டும் போடச் சொல்றேன். நீ கஷ்டப்பட்டு எடுத்திருக்க" என்றார். லிஃப்டில் ஏறாமல் கேட்டுக்குப் போய்த் தாவீது அண்ணனிடம் ஏதோ சொன்னார். தாவீது அண்ணன் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

பிறகு என்னிடம் வந்து, "ஒனக்கு இவ்வளவு நீளமா பேச வருமா பிள்ள?" என்றார்.

மே 9, வியாழன்

கறுப்புக் கார் கடைக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் காய்ந்த இலை நாலு.

மே 10, வெள்ளி

இன்று பத்தாவது ரிசல்ட் வந்ததாம். ஆறு கார்.

மே 11, சனி

காரைக் கொண்டுவந்து விட்டது யாசின் அண்ணன். டில்லி அண்ணனோடு ஒரே கடையில் இருந்தவர். ஜனவரியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்தார், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மோனி, நீ இங்கியா இருக்க? நீதான் அந்த வினிகர் போட்ட பொண்ணா? சாரு கடைல வந்து பெருமையா சொன்னாரு. எங்க மொதலாளியே அசந்துட்டாரு."

நான் தலையாட்டினேன். பானெட் கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே இருக்கும் பால்கனிகள் எல்லாம் அதில் தலைகீழாகத் தெரிந்தன.

"ஒரு விசயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத." யாசின் அண்ணன் என்னைக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எங்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று இரண்டாவது எட்டு வைக்கும்போதே தெரிந்துவிட்டது. "இந்த வண்டி டில்லி போட்டது. இங்க ஒரு திட்டு வுட்டுட்டான். என்கிட்ட மட்டும் சொன்னான். 'மச்சான், ஒரு ஞாயித்துக்கிழம நீயும் வா, போயி எடுத்துரலாம்'னு சொல்லிக்கினே இருந்தான். எனக்குத்தான் வர முடியல." அவர் பெட்ரோல் மூடிக்குக் கீழே புறங்கையால் தடவினார். "சாரு சைடு வேணாம்னுதான் சொன்னாரு. ஆனா என்னால வுட முடியல. நாளைக்கு யாராச்சும் பாத்துட்டு, டில்லி வேலைல குறைன்னு சொல்லக் கூடாது இல்ல? அதான் நானே ஒக்காந்து கையால எடுத்துட்டேன். சுத்தமா போயிடுச்சி. அவன் சொன்னத முடிச்சிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும்.

"தேங்க்ஸ் அண்ணா" என்றேன்.

சொல்ல வேண்டிய நேரத்திலேயே வந்துவிட்டது.

மே 12, ஞாயிறு

ஒன்றுமில்லை.

மே 13, திங்கள்

நேற்று எழுதியது வேலை இல்லை என்ற அர்த்தத்தில்.

மே 14, செவ்வாய்

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "மூணு நாளா சோத்துல கை வெச்சுக்கினு ஒக்காந்திருக்க. இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. எல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடம், ஆயாம்மா போன், திட்டு, வினிகர், யாசின் அண்ணன். பஸ் சத்தத்தில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, அண்ணன் பேச்சை எடுத்தால் அம்மா பதினேழாம் தேதி மாதிரி ஆகிவிடுவாள்.

"நாலு நிமிசமா பேசாமயே இருந்தீங்க?" என்றாள்.

"ஆமா."

"அவன் இன்னா சொன்னான்?"

"லைன்லயே இரு, நான் இங்கதான் இருக்கேன்னான்."

அம்மா சிரித்தாள். "என்கிட்ட ஒரு நிமிசம் பேச மாட்டான். 'போனை வெயி வெயி, வேலைல கீறேன்'ம்பான், திருட்டுப் பய." சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரும்பாக்கம் வரும்வரை எடுக்கவில்லை. இறங்குகிற இடத்துக்கு முன்னால், முந்தானைக்குள்ளிருந்தே, "இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன். மீன் மாதிரி வாயைத் திறந்து காட்டிய பெண்ணையும் சொன்னேன், முதல் தரம் அதை விட்டிருந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மே 20, திங்கள்

கறுப்புக் காரை நனைத்து முடித்தபோது இரண்டு விசில் கேட்டது.

துணியைப் போட்டுவிட்டுப் போகலாம். நேரம் இருந்தது, கேட்டுக்கு வெளியேதான் நின்றது. ஆனால் பானெட் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நின்றுகொண்டிருந்தது, புதுப் பூச்சு. டாப்பில் வெயில் வந்துவிட்டது. போனால் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடும்.

டாப்பைத் துடைத்தேன். கேட் திறக்கும் சத்தம். பானெட்டைத் துடைத்தேன். லாரி உள்ளே வந்தது, தரை அதிர்வது செருப்பில் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிரேக் சத்தம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், கையை நிறுத்தவில்லை. கதவு, கதவு, டிக்கி. பைப்பைப் போட்டார்கள். தண்ணீர் விழும் சத்தம்.

கடைசியாக வலது பின்பக்கம். ஏழு ஐந்து. வெயில் சரியாக அந்த இடத்தில் விழுந்தது. கறுப்பு மட்டும் இருந்தது. அதில் என் முகமும், பின்னால் லாரியின் நீல நிறமும்.

துணியை மடித்து அந்த இடத்தில் வைத்தேன். துடைத்தேன். காய்ந்த பிறகும் துடைத்தேன். அழுத்தாமல், வட்டமாக இல்லாமல், நேராக, அவன் சொன்ன மாதிரி.

லாரி கிளம்பிப் போனது எனக்குத் தெரியவில்லை. தாவீது அண்ணன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். வழக்கம் போல கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"ஏ பிள்ள, நாலஞ்சு நிமிசமா அந்த ஒரு எடத்தையே துடைச்சுக்கிட்டு நிக்க. அங்கதான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்ல அண்ணா" என்றேன்.

துணியை எடுப்பதற்கு முன்னால், நகத்தால் ஒரு தட்டு தட்டினேன்.